மலம் அடக்க முடியாமைக்கு அக்குபங்சர்: எதற்குப் பின், எந்த அளவுக்கு?

மயிலாப்பூர் வாசகி:

வணக்கம். என் அம்மாவுக்கு வயது 67. நீண்ட காலமாகச் சர்க்கரை நோய்க்கு மெட்ஃபார்மின் சாப்பிட்டு வருகிறார். என்னையும் தம்பியையும் சுகப்பிரசவத்தில் பெற்றவர். தம்பி பிறந்தபோது கிழிந்து நிறையத் தையல் போட்டார்கள் என்று பாட்டி சொல்லிக் கேட்டிருக்கிறேன். கடந்த ஆண்டிலிருந்து அம்மாவால் மலத்தை அடக்க முடியவில்லை. உணர்வு வந்தால் கழிப்பறைக்குப் போய்ச் சேர்வதற்குள் கசிந்துவிடுகிறது. சில நாள் உணர்வே இல்லாமல் உள்ளாடையில் கறை படிந்திருக்கிறது. இதை அவராக எங்களிடம் சொல்லவில்லை. துணியைத் தனியாகத் துவைப்பதையும், கபாலீசுவரர் கோயிலுக்குப் போவதை நிறுத்திவிட்டதையும், கல்யாண வீட்டுக்குப் புறப்படும் நாளில் காலையிலிருந்து ஒன்றும் சாப்பிடாமல் இருப்பதையும் கவனித்து நான் கேட்ட பிறகுதான் சொன்னார்.

உறவினர் ஒருவர் அக்குபங்சரைப் பரிந்துரைத்ததால் இரண்டு இடங்களில் விசாரித்தோம். முதல் இடத்தில் ஊசியே கிடையாது; நாடி பார்த்துவிட்டு ஒரு புள்ளியை விரலால் தொடுகிறார்கள். மலம் தானாக வெளியேறுவது உடம்பு கழிவை அகற்றிக்கொள்ளும் வேலைதான், அதைத் தடுக்கக் கூடாது, சர்க்கரை மாத்திரையையும் நிறுத்திவிடலாம் என்றார்கள். இரண்டாவது இடத்தில் காலிலும் இடுப்பின் அடியிலும் ஊசி போட்டு மெல்லிய மின்சாரம் கொடுப்பதாகச் சொன்னார்கள். மாத்திரையைப் பற்றி எதுவும் சொல்லவில்லை. அம்மா ஊசிக்குச் சம்மதிக்கிறார். ஆசனவாய்ப் பரிசோதனை என்ற பேச்சை எடுத்தாலே எழுந்து உள்ளே போய்விடுகிறார்.

இந்தக் குறைக்கு அக்குபங்சர் பயன் தரும் என்பதற்கு ஆதாரம் உண்டா? சர்க்கரை நோயாளிக்கு அது பாதுகாப்பானதா? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

அம்பத்தூர் அன்பர்:

என் பெரியப்பாவுக்குப் பக்கவாதம் வந்த பிறகு இதே தொல்லை இருந்தது. உடற்பயிற்சிச் சிகிச்சையோடு ஊசி அக்குபங்சரும் எடுத்துக்கொண்டார். சில மாதங்களில் கசிவு வெகுவாகக் குறைந்தது. எதனால் குறைந்தது என்று பிரித்துச் சொல்ல என்னால் முடியாது. ஆனால் ஊசி போட்டுக்கொண்ட நாள்களில் அவர் முகம் தெளிந்திருந்ததை நான் கண்ணால் பார்த்தேன். ஆகவே முயன்று பாருங்கள் என்றே சொல்வேன்.

கீழ்ப்பாக்கம், ஓய்வுபெற்ற செவிலியர்:

மகளே, ஊசியா தொடுதலா என்ற கேள்விக்குப் போகுமுன், ஏன் கசிகிறது என்பதை யாராவது கண்டறிந்தார்களா என்று கேட்கத் தோன்றுகிறது. உங்கள் பதிவில் ஒரு மருத்துவர் அம்மாவைப் பரிசோதித்ததாக ஒரு வரிகூட இல்லை. அறுவைச் சிகிச்சைப் பிரிவிலும் முதியோர் பிரிவிலும் என் பணிக்காலத்தைக் கழித்தவள் நான். இந்தக் குறையோடு வந்தவர்களில் பெரும்பாலோர் வேறு ஏதோ நோயைச் சொல்லிக்கொண்டுதான் உள்ளே வந்தார்கள். இதைத் தாங்களாக வாய் திறந்து சொன்னவர்கள் மிகக் குறைவு. உலகெங்கும் எடுத்த கணக்கெடுப்புகளைச் சேர்த்துப் பார்த்தால், வளர்ந்தவர்களில் நூற்றுக்கு ஏழெட்டுப் பேருக்கு ஏதோ ஓர் அளவில் இது இருக்கிறது. உங்கள் தெருவிலேயே சிலர் இருப்பார்கள். அம்மாவிடம் இதைச் சொல்லுங்கள்.

மலக்குடலின் முடிவில் இரண்டு சுருக்குத்தசைகள் உண்டு. உட்புறத் தசை நம் விருப்பத்தைக் கேட்காமல் தானாக இறுகியிருப்பது. நாம் சும்மா இருக்கும்போது ஆசனவாயை மூடிவைத்திருக்கும் அழுத்தத்தில் ஏறத்தாழ முக்கால் பங்கு அதனுடையது. வெளிப்புறத் தசையோ நாம் அடக்கிக்கொள்ள வேண்டும் என்று நினைக்கும்போது இறுகுவது. முதுகுத்தண்டின் அடியிலிருந்து வரும் நரம்பு அதற்குக் கட்டளையைக் கொண்டு செல்கிறது. உணர்வே இல்லாமல் கறை படிந்தால் உட்புறத் தசையின் பலவீனத்தையும், உணர்வு வந்தும் தாங்க முடியாமல் போனால் வெளிப்புறத் தசையின் பலவீனத்தையும் முதலில் சந்தேகிப்போம். உங்கள் அம்மாவுக்கு இரண்டும் இருக்கிறது. பிரசவத்தில் கிழிந்த தசை இளமையில் மற்ற தசைகளின் துணையோடு சமாளித்துக்கொண்டு, மாதவிடாய் நின்று பல ஆண்டுகள் கழித்துத் தன் குறையைக் காட்டுவது வழக்கம்தான். அதன் மேல் சர்க்கரை நோய் நரம்பைத் தளர்த்துகிறது. அதற்கும் மேல் மெட்ஃபார்மின் பலருக்கு மலத்தை இளக்குகிறது. கெட்டி மலத்தை அடக்கக்கூடிய தசையால் இளகிய மலத்தை அடக்க முடிவதில்லை. மாத்திரைதான் காரணம் என்று தெரிந்தால், மருத்துவர் அளவைக் குறைக்கலாம், மெதுவாகக் கரையும் வகைக்கு மாற்றலாம், வேறு மருந்தே கொடுக்கலாம். நீங்களாக நிறுத்தக் கூடாது. நிறுத்தச் சொன்னவரின் பேச்சைக் கேட்டுச் சர்க்கரை ஏறினால், நரம்பு இன்னும் கெடும், கசிவு கூடும்.

முதியவர்களிடம் மிகுதியாகக் காணும் இன்னொரு காரணத்தையும் சொல்லியாக வேண்டும். மலக்குடலில் கெட்டி மலம் அடைத்துக்கொண்டிருக்கும். அடைபட்ட சாக்கடையைச் சுற்றித் தண்ணீர் வழிவதைப்போல, மேலிருந்து வரும் நீர்த்த மலம் அதன் ஓரமாக ஒழுகும். வீட்டார் அதைப் பேதி என்று எண்ணிப் பேதியை நிறுத்தும் மாத்திரை கொடுப்பார்கள். அடைப்பு இன்னும் இறுகும். கையுறை போட்ட விரலால் இரண்டு நிமிடம் பரிசோதித்தால் இது தெரிந்துவிடும். எந்த ஊசியாலும், எந்தத் தொடுதலாலும் இது தெரியாது. இந்தப் பரிசோதனைக்கு அம்மா மறுப்பது எனக்குப் புரிகிறது. பெண் மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள். ஒருக்களித்துப் படுக்கவைத்து, இடுப்புக்கு மேல் போர்வை போர்த்தித்தான் செய்வார்கள் என்று முன்கூட்டியே சொல்லுங்கள். என்ன நடக்கும் என்று தெரியாத அச்சம்தான் பாதி மறுப்புக்குக் காரணம்.

மலத்தில் இரத்தம், காரணமில்லாத எடைக்குறைவு, மலம் கழிக்கும் பழக்கம் அண்மையில் மாறியது ஆகியவற்றில் எது இருந்தாலும் குடல் உள்நோக்கிப் பரிசோதனையை (கொலனோஸ்கோபி) தள்ளிப்போடாதீர்கள். திடீரென்று முதுகுவலியோடு கால் பலமிழந்து, பிறப்புறுப்பைச் சுற்றி மரத்துப்போய்க் கசிவு தொடங்கினால் அது அவசர நிலை. அன்றே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

இன்றே தொடங்கக்கூடியவையும் உண்டு. இளகிய மலமென்றால் இசப்கோலைக் குறைந்த தண்ணீரில் கலந்து கொடுக்கலாம். அது ஈரத்தை உறிஞ்சி மலத்துக்கு உருக் கொடுக்கும். நார்ப்பொருள்களை ஒப்பிட்டு 2014-இல் வெளியான ஆய்வொன்றில் கசிவைத் தெளிவாகக் குறைத்தது இதுதான். ஆனால் அடைப்பு இல்லை என்று தெரிந்த பிறகே கொடுங்கள். நம் வீடுகளில் காலையில் குடிக்கும் ஃபில்டர் காபி குடலைக் கிளப்பிவிடும். அதைத் தடை செய்வதைவிட, குடித்ததும் தினமும் அதே நேரத்தில் கழிப்பறையில் அமரச் செய்து மலக்குடலைக் காலியாக்கிவிட்டால் வெளியே போகும் பொழுதுகள் பாதுகாப்பாக இருக்கும். சர்க்கரை நோயாளிக்கென்று விற்கும் இனிப்புகளில் உள்ள சார்பிட்டால் பேதியை உண்டாக்கும். டப்பாவில் எழுதியிருப்பதைப் படியுங்கள். கழுவும் தண்ணீரில் கிருமிநாசினித் திரவம் ஊற்றும் பழக்கம் இருந்தால் விட்டுவிடச் சொல்லுங்கள், தோல் வெந்து புண்ணாகிவிடும். வெறும் தண்ணீரால் கழுவி, ஒற்றியெடுத்து, துத்தநாகக் களிம்பு தடவினால் போதும்.

பெசன்ட் நகர், மருத்துவப் புள்ளியியல்:

மருத்துவ ஆய்வுகளின் கணக்கைச் சரிபார்ப்பது என் தொழில் என்பதால், ஆதாரம் உண்டா என்ற கேள்விக்கு மட்டும் விடை எழுதுகிறேன்.

வளர்ந்தவர்களின் மலக்கசிவுக்கு வழக்கமான அக்குபங்சரை மட்டும் எடுத்துச் சோதித்த ஆய்வுகள் மிகச் சில, அவையும் சிறியவை. இத்தாலியில் 15 பெண்களுக்கு வாரம் ஒருமுறை ஊசி போட்டு 2009-இல் வெளியிட்ட ஆய்வில் நல்ல முன்னேற்றம் சொல்லப்பட்டது. ஆனால் ஒப்பிடுவதற்கு மற்றொரு குழு அதில் இல்லை. மலக்குடல் புற்றுநோய் அறுவைக்குப் பிறகு வரும் கசிவுக்கு லித்துவேனியாவில் செய்ததும் இரு கை விரல்களில் எண்ணி முடிக்கக்கூடிய ஆட்களோடுதான். ஒப்பீட்டுக் குழு ஏன் இவ்வளவு முக்கியம் என்பதற்கு இந்த நோயிலேயே சான்று இருக்கிறது. இலண்டனில் 171 பேரை நான்கு குழுக்களாகப் பிரித்து 2003-இல் வெளியிட்ட ஆய்வில், கருவி வைத்துத் தசைப்பயிற்சி கற்றுத்தந்த குழுவும், செவிலியர் பொறுமையாக உட்கார்ந்து உணவு, மருந்து, பழக்கம் பற்றி ஆலோசனை மட்டும் சொன்ன குழுவும் ஏறத்தாழ ஒரே அளவு முன்னேறின. பாதிப் பேருக்கு மேல் நலம் கண்டார்கள். அதாவது இந்த நோயாளிகள் யாராவது தங்களைக் கவனித்து வழி சொன்னாலே பெரிதும் முன்னேறுகிறார்கள். அம்பத்தூர் அன்பரின் பெரியப்பா முன்னேறியதை நான் முழுமையாக நம்புகிறேன். அதில் ஊசியின் பங்கு எவ்வளவு என்பதைத்தான் அந்த ஒரு வரலாற்றிலிருந்து பிரிக்க முடியாது.

அக்குபங்சருக்கு மிக நெருங்கிய உறவுடைய ஒரு சிகிச்சை பெரிய அளவில் சோதிக்கப்பட்டிருக்கிறது. உட்புறக் கணுக்காலுக்குச் சற்று மேலே மெல்லிய ஊசியைச் செலுத்தி, அங்கே ஓடும் டிபியல் நரம்புக்கு மின்தூண்டல் கொடுப்பது அது. இந்த நரம்பின் வேர்களும் ஆசனவாயை ஆளும் நரம்புகளின் வேர்களும் முதுகுத்தண்டின் அடிப்பகுதியில் ஓரிடத்தில் கலப்பதால், காலில் கொடுக்கும் தூண்டல் குடலின் கட்டுப்பாட்டைச் சீராக்கும் என்பது கருத்து. பிரிட்டனில் 227 பேருக்கு, வாரம் ஒருமுறை அரை மணி நேரமாகப் பன்னிரண்டு வாரம், பாதிப் பேருக்கு உண்மையான தூண்டலும் பாதிப் பேருக்கு உண்மைபோலவே தோன்றும் போலித் தூண்டலும் கொடுத்துச் செய்த ஆய்வு 2015-இல் லான்செட் இதழில் வந்தது. வாரக் கசிவு பாதியாகவோ அதற்கும் மேலாகவோ குறைந்தவர்கள் உண்மைக் குழுவில் நூற்றுக்கு 38 பேர், போலிக் குழுவில் நூற்றுக்கு 31 பேர். இந்த வேறுபாடு தற்செயலாகவும் நேரக்கூடியது. அமெரிக்காவில் 166 பெண்களிடம் செய்து 2022-இல் வெளியிட்ட ஆய்விலும் உண்மைத் தூண்டல் போலியை மிஞ்சவில்லை.

ஆகவே என் மதிப்பீடு இதுதான்: தீங்கு குறைவு, சிலருக்கு நலம் தெரியக்கூடும், ஆனால் அந்த நலம் ஊசியின் தனி விளைவு என்று நிறுவப்படவில்லை. இதை முதல் சிகிச்சையாகச் சொல்பவர் ஆதாரத்தை மீறிப் பேசுகிறார்.

அரும்பாக்கம், இயற்கை மருத்துவர்:

நான் அரசு யோகா மற்றும் இயற்கை மருத்துவக் கல்லூரியில் படித்தவன். ஊசி அக்குபங்சர் என் அன்றாடப் பணியின் ஒரு பகுதி. முதலில் மயிலாப்பூர்ச் சகோதரிக்கு: கசிவைக் கழிவு வெளியேற்றம் என்று சொல்லி மாத்திரையை நிறுத்தச் சொன்ன இடத்துக்குத் திரும்பிப் போகாதீர்கள். மரபுச் சீன நூல்களிலேயே இது மண்ணீரலின் சக்தி சரிந்து, தாங்கும் வலிமை போனதால் வரும் நோயாகத்தான் சொல்லப்படுகிறது. சரிந்ததை மேலே தூக்குவதற்காகத்தான் உச்சந்தலையில் உள்ள பைஹுய் என்ற புள்ளியையும் சேர்த்துக்கொள்கிறோம். கசிவை நல்ல அறிகுறி என்று மரபு கொண்டாடவில்லை.

இப்போது பெசன்ட் நகர் ஐயாவின் கருத்துக்கு வருகிறேன். அவர் சொன்ன எண்களை நான் மறுக்கவில்லை. ஆனால் அந்த ஆய்வுகள் அக்குபங்சரைச் சோதித்தன என்று எடுத்துக்கொள்வதில் எனக்குத் தயக்கம் உண்டு. கணுக்காலுக்கு மேல் நான்கு விரற்கடையில் சான்யின்ஜியாவ் என்ற புள்ளி இருக்கிறது. 1983-இல் அமெரிக்கச் சிறுநீரக அறுவை மருத்துவர்கள் சிறுநீர்க் கசிவுக்கு இந்த நரம்புத் தூண்டலைத் தொடங்கியபோது அக்குபங்சர் புள்ளிகளைப் பார்த்துத்தான் இடத்தைத் தேர்ந்தார்கள். அந்த உறவு உண்மை. ஆனால் நாங்கள் ஒரே ஒரு புள்ளியோடு நிறுத்துவதில்லை. வாரம் ஒருமுறை என்பதும் எங்களுக்குக் குறைந்த அளவு. சீனாவில் 504 பெண்களின் சிறுநீர்க் கசிவுக்குச் செய்து 2017-இல் அமெரிக்க மருத்துவச் சங்கத்தின் இதழில் வந்த ஆய்வைப் பாருங்கள்: ஆறு வாரத்தில் 18 அமர்வுகள், இடுப்பின் அடி எலும்பில் உள்ள புள்ளிகளில் ஊசி, அதோடு மின்தூண்டல். கசிந்த நீரின் எடை ஊசிக் குழுவில் சராசரியாக 9.9 கிராமும் போலிக் குழுவில் 2.6 கிராமும் குறைந்தது. அங்கே பயன்படுத்திய ஜோங்லியாவ் என்ற புள்ளி அடி எலும்பின் மூன்றாவது துளையின் மேல் இருக்கிறது. மலக்கசிவுக்கு அறுவை மருத்துவர்கள் உடலுக்குள் பொருத்தும் நரம்புத் தூண்டியின் கம்பியும் பெரும்பாலும் அதே மூன்றாவது துளை வழியாகத்தான் செல்கிறது. அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2011-இல் அதை மலக்கசிவுக்கு ஏற்றுக்கொண்டது. இரண்டு வழியிலிருந்தும் ஒரே நரம்பைத்தான் நெருங்குகிறோம் என்பதால், இந்தப் புள்ளிகளைக் கொண்டு மலக்கசிவுக்கும் ஒரு பெரிய ஆய்வு செய்யப்பட வேண்டும் என்று உறுதியாக நம்புகிறேன். அந்த ஆய்வு வருமுன்னே பயனில்லை என்று தீர்ப்பு எழுதுவது சரியாகாது.

பெசன்ட் நகர், மருத்துவப் புள்ளியியல்:

அரும்பாக்கம் மருத்துவர் எழுதியது பொறுப்பான பதிவு, நன்றி. சிறுநீர்க் கசிவு ஆய்வு நன்றாகத் திட்டமிடப்பட்டது என்பதை ஏற்கிறேன். அதே குழுவினர் 1075 பேரின் கடுமையான மலச்சிக்கலுக்குச் செய்து 2016-இல் வெளியிட்டதும் அப்படியே. இரண்டிலும் போலியைவிட மின் அக்குபங்சர் முன்னே நின்றது. ஆயினும் ஒரு நோயில் கிடைத்த பலனை அடுத்த நோய்க்கு அப்படியே எடுத்துச் செல்ல முடியாது. மலச்சிக்கலில் குடலை அசைக்க வேண்டும். கசிவில் ஆசனவாயை மூடிவைக்கும் தசையைக் காக்க வேண்டும். மேலும் 1998-இல் வெளியான ஒரு தொகுப்பாய்வு, சீனாவிலிருந்து அதுவரை வந்த அக்குபங்சர் ஒப்பீட்டு ஆய்வுகள் அத்தனையும் வெற்றி என்றே முடிந்திருந்ததைக் காட்டியது. எந்தச் சிகிச்சையும் எல்லா ஆய்விலும் வெல்வதில்லை. அப்படித் தெரிந்தால் தோற்றவை அச்சேறவில்லை என்றே நான் எண்ணுவேன். அதனால்தான் வேறு நாடுகளில் மீண்டும் செய்யப்படும் வரை காத்திருக்கச் சொல்கிறோம்.

அவர் கூற்றுக்குச் சாதகமான ஒன்றையும் மறைக்காமல் சொல்கிறேன். 2015-ஆம் ஆண்டு ஆய்வின் தரவைப் பிறகு மறுபடி பிரித்துப் பார்த்தபோது, மலத்தை முழுதும் வெளியேற்ற முடியாமல் முக்கும் தொல்லை உடையவர்களை நீக்கிவிட்டால் மற்றவர்களுக்கு உண்மைத் தூண்டல் போலியைவிட நன்றாக உதவியிருப்பது தெரிந்தது. முடிவு தெரிந்த பின் செய்த பிரிப்பு என்பதால் இதை உறுதியான சான்றாக எண்ண முடியாது. ஆனால் யாருக்கு முயல்வது என்று தேர்வு செய்யும்போது இது பயன்படும். செவிலியர் அம்மா சொன்ன அந்த இரண்டு நிமிடப் பரிசோதனை இங்கேயும் தேவைப்படுகிறது.

இராயபுரம் நண்பர்:

என் கேள்வியையும் இங்கே சேர்த்துக்கொள்ள அனுமதியுங்கள். எனக்கு வயது 44. பௌத்திரத்துக்கு இரண்டு முறை அறுவை செய்துகொண்டேன். அதன் பிறகு காற்றையும் அடக்க முடியவில்லை, இளகிய மலமும் கசிகிறது. மீன்பிடித் துறைமுகத்தில் விடியற்காலையில் நின்று வேலை செய்பவன். அங்கே கழிப்பறை தூரம். அறுவை செய்த இடத்தில் போகப் போகச் சரியாகும் என்று அனுப்பிவிட்டார்கள். எனக்கும் ஊசி பயன்படுமா?

கீழ்ப்பாக்கம், ஓய்வுபெற்ற செவிலியர்:

தம்பி, உங்களுடையது வேறு வகை. பௌத்திரத்தின் பாதை சுருக்குத்தசைக்குள் நுழைந்து போவதால் அதைத் திறக்கும்போது தசையின் ஒரு பகுதியும் வெட்டுப்பட நேரலாம். வெட்டுப்பட்ட தசையின் முனைகளை ஊசியால் ஒட்டவைக்க முடியாது. ஆசனவாய் வழியாகச் செய்யும் அல்ட்ராசவுண்டு ஸ்கேனில் எந்தத் தசை, எவ்வளவு தூரம் விட்டுப்போயிருக்கிறது என்பது தெரியும். இராஜீவ் காந்தி அரசுப் பொது மருத்துவமனையிலோ ஸ்டான்லியிலோ குடல் அறுவைச் சிகிச்சைப் பிரிவில் காட்டி, இந்தப் பரிசோதனை வேண்டுமா என்று கேளுங்கள். பௌத்திரம் முழுதும் ஆறிவிட்டதா என்பதையும் அவர்கள் முதலில் பார்ப்பார்கள்; ஆறாத பாதையிலிருந்து வரும் சீழையும் கசிவென்று எண்ணிவிடுவது உண்டு. தசையைச் சேர்த்துத் தைக்கும் அறுவையும் இருக்கிறது. ஆனால் தொடக்கத்தில் கிடைக்கும் பலன் ஐந்து, பத்து ஆண்டுகளில் பலருக்குத் தேய்கிறது என்பதால் அவசரப்பட்டு ஒப்புக்கொள்ளாமல் கலந்து பேசுங்கள்.

இதற்கிடையில் மலத்தைக் கெட்டியாக வைப்பதுதான் உங்களுக்குப் பெரிய உதவி. வேலைக்குப் புறப்படுமுன் குறைந்த அளவு லோபராமைடு எடுத்துக்கொள்ளலாமா என்று மருத்துவரிடம் கேளுங்கள். அது குடலின் வேகத்தைக் குறைப்பதோடு உட்புறத் தசையின் இறுக்கத்தையும் சற்றுக் கூட்டுகிறது. தசைப்பயிற்சியையும் தொடங்குங்கள்: காற்றை அடக்குவதுபோல் ஆசனவாயை உள்ளிழுத்து இறுக்கி, மூச்சைப் பிடிக்காமல் சில நொடி வைத்திருந்து, அதே அளவு நேரம் தளர்த்த வேண்டும். பிட்டத்தையும் தொடையையும் இறுக்குவது பயிற்சியாகாது. பலன் தெரிய மூன்று மாதமாவது ஆகும்.

மயிலாப்பூர் வாசகி:

எழுதிய அனைவருக்கும் நன்றி. செவிலியர் அம்மா சொன்னபடி என்ன செய்வார்கள் என்பதை முன்கூட்டியே விளக்கியதும் அம்மா பெண் மருத்துவரிடம் வரச் சம்மதித்தார். அடைப்பு இல்லை. அடக்கச் சொன்னபோது தசை பலவீனமாகத்தான் இறுகியது என்றார் மருத்துவர். மெட்ஃபார்மினை மெதுவாகக் கரையும் வகைக்கு மாற்றி, இசப்கோலும் பயிற்சியும் சொல்லியிருக்கிறார். குடல் உள்நோக்கிப் பரிசோதனைக்கும் நாள் குறித்திருக்கிறது. அக்குபங்சரைப் பற்றிக் கேட்டோம். மற்றவற்றை விடாமல் செய்வதாக இருந்தால் தனக்கு ஆட்சேபம் இல்லை என்றார்.

அம்மாவுக்கு ஊசி போட்டுக்கொள்ள விருப்பம் இருக்கிறது. அவர் காலில் எரிச்சலும் சில இடங்களில் மரத்துப்போன உணர்வும் உண்டு. இதயத்துக்காக ஆஸ்பிரினும் சாப்பிடுகிறார். எதைக் கவனிக்க வேண்டும்? எவ்வளவு காலம் முயல வேண்டும்?

அரும்பாக்கம், இயற்கை மருத்துவர்:

காலில் மரத்த உணர்வு இருப்பதைச் சிகிச்சை தருபவரிடம் முதல் நாளே சொல்லிவிடுங்கள். மரத்த இடத்தில் ஊசி ஆழமாகப் போனாலும், மின்தூண்டல் அளவுக்கு மீறினாலும் அம்மாவுக்குத் தெரியாது. சர்க்கரை நோயாளியின் காலில் சிறு புண்ணும் எளிதில் ஆறாது. நான் என்றால் பாதத்தில் ஊசியைத் தவிர்ப்பேன். கணுக்காலுக்கு மேல் உணர்வு நன்றாக இருப்பதைச் சோதித்த பிறகே அங்கே போடுவேன். பெரும்பகுதியை இடுப்பின் அடிப்பகுதிப் புள்ளிகளுக்கு ஒதுக்குவேன். ஆஸ்பிரினால் ஊசி போட்ட இடத்தில் சற்றுக் கன்றிப்போகலாம்; அதற்காக அதை நிறுத்தக் கூடாது. இதயத்தில் பேஸ்மேக்கர் பொருத்தியிருந்தால் மின்தூண்டலே வேண்டாம். ஊசி உறையைக் கண்ணெதிரே பிரித்து, பயன்படுத்தியதும் அப்புறப்படுத்துகிறார்களா என்று பாருங்கள். ஒரே ஊசியைக் கழுவி மீண்டும் போடும் இடத்தில் மஞ்சள் காமாலைக் கிருமி தொற்றும் அபாயம் இருக்கிறது.

தகுதியையும் கேளுங்கள். இந்திய அரசு அக்குபங்சரைத் தனிச் சிகிச்சை முறையாக 2019-இல் ஏற்றுக்கொண்டது. மகாராட்டிரத்தில் அதற்கென்று தனிச் சட்டமே உண்டு. ஆனால் சென்னையில் பெயர்ப்பலகை மாட்டியிருப்பவர்களில் ஐந்தரை ஆண்டு மருத்துவப் பட்டம் படித்தவரும் இருக்கிறார், சில வார வகுப்பில் சான்றிதழ் வாங்கியவரும் இருக்கிறார். என்ன படித்தீர்கள், எங்கே பதிவு செய்திருக்கிறீர்கள் என்று கேட்பதில் மரியாதைக்குறைவு எதுவும் இல்லை. ஊசி ஆடை விலக்கிப் போட வேண்டிய இடம் என்பதால் பெண் ஒருவர் சிகிச்சை தரும் இடமாகவோ, நீங்கள் கூடவே இருக்க அனுமதிக்கும் இடமாகவோ தேர்ந்தெடுங்கள்.

காலத்தைப் பொறுத்தவரை, வாரம் இரண்டு அல்லது மூன்று அமர்வு என ஆறு முதல் எட்டு வாரம் போதும். அதற்குள் மாற்றம் தெரியவில்லை என்றால் நானே நிறுத்தச் சொல்வேன். ஆறு மாதத்துக்கு முன்பணம் கட்டச் சொல்பவரிடம் போக வேண்டாம்.

பெசன்ட் நகர், மருத்துவப் புள்ளியியல்:

மாத்திரை, இசப்கோல், பயிற்சி, ஊசி ஆகிய நான்கையும் ஒரே வாரத்தில் தொடங்கினால் எது உதவியது என்று உங்களுக்கே தெரியாமல் போகும்; பணமும் அலைச்சலும் ஊசிக்குத்தான் மிகுதியாகச் செலவாகும் என்பதால் அதைக் கடைசியில் தொடங்குங்கள். மருத்துவர் சொன்னவற்றை ஒரு மாதம் செய்து பார்த்து, அந்த மாதத்தில் தினமும் மூன்றை மட்டும் ஒரு நோட்டில் எழுதச் சொல்லுங்கள்: எத்தனை முறை கசிந்தது, அப்போது மலம் கெட்டியா இளக்கமா, அன்று கசிவுக்கு அஞ்சி எங்கேயாவது போகாமல் இருந்தாரா. ஊசி தொடங்கிய பிறகும் அதே மூன்றைத் தொடர்ந்து எழுதட்டும். வாரக் கசிவு பாதியாகக் குறைந்தால் உலக ஆய்வுகளும் அதைத்தான் முன்னேற்றமாகக் கணக்கிடுகின்றன. மூன்றாவது கேள்வியைச் சிறியதாக எண்ணி விட்டுவிடாதீர்கள். கசிவு அவ்வளவாகக் குறையாமலேயே ஒருவர் மீண்டும் கோயிலுக்குப் போகத் தொடங்குவதும், நன்றாகக் குறைந்த பின்னும் இன்னொருவர் வீட்டிலேயே அடைந்து கிடப்பதும் உண்டு.

மயிலாப்பூர் வாசகி:

அப்படியே செய்கிறோம். நோட்டை அம்மாவே எழுதுவதாகச் சொல்லிவிட்டார். எங்களிடம் காட்டாமல் மருத்துவரிடம் மட்டும் காட்டுவாராம். அதற்குச் சம்மதித்துவிட்டேன்.

கீழ்ப்பாக்கம், ஓய்வுபெற்ற செவிலியர்:

சரியாகச் செய்தீர்கள் மகளே. இராயபுரம் தம்பி, ஸ்கேன் முடிவு வந்ததும் இதே இடத்தில் எழுதுங்கள். அடுத்து யாரைப் பார்ப்பது என்று பேசுவோம்.